காகிதப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை

பங்குனி மாதத்துக் காரைக்குடியில் யாராவது வசந்தம் வந்துவிட்டது என்று சொன்னால், அவரை நிழலில் உட்கார வைத்து மோர் கொடுப்பார்கள். கொடைக்கானலில் வாழ்க்கைப்பட்ட சகாயராணிக்கு இது புரிவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அவரவர் வீட்டுத் தோட்டத்தின் வசந்தத்தைப் படம் எடுத்துப் போடச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டு, தன் வீட்டு டேலியாப் பூவில் ஆரம்பித்தாள். நியூசிலாந்தில் இருக்கும் அவள் மகள் ஷீலா, அங்கே இப்போது இலை உதிர்கிற காலம் என்பதால், போன அக்டோபரில் எடுத்த ரோஜாவைப் போட்டாள். பின்லாந்திலிருந்து ஹன்னா போட்ட படம் முழுக்க வெள்ளையாக இருந்தது. கீழே 'எங்கள் தோட்டம்' என்று எழுதியிருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஹன்னா, சகாயராணியின் அண்ணன் இஞ்ஞாசிமுத்துவின் மருமகள். மகன் ஜோசப் ராஜ் அவளைக் கோயிலில் வைத்துக் கட்டாமல், அந்த ஊர் அலுவலகம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் பேசுவதில்லை. அம்மா அடைக்கலமேரி மட்டும் அடுப்படியில் மிக்சியை ஓடவிட்டுக்கொண்டு மகனோடு பேசுவாள். சட்னி இல்லாத நாளிலும் மிக்சி ஓடுவதைப் பற்றி இஞ்ஞாசிமுத்து ஒருநாளும் கேட்டதில்லை. அது நின்ற பிறகு, பேச்சுவாக்கில் அவள் ஏதாவது சொல்வாளா என்று அடுப்படிப் பக்கம் இரண்டு முறை நடப்பார்.

அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிழையைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். கோயில் அறிவிப்புப் பலகையில் ஒற்று விட்டுப்போயிருந்தால் அதைப் போட்டுவிட்டுத்தான் பூசைக்குள் நுழைவார். பங்குச் சாமியார் இப்போதெல்லாம் அறிவிப்பை வாயாலேயே சொல்லிவிடுகிறார்.

தங்கையின் நச்சரிப்புத் தாங்காமல், வாசலில் வெயிலுக்குச் சவால் விட்டுக்கொண்டு செக்கச்செவேலென்று பூத்திருந்த செடியை இஞ்ஞாசிமுத்துவும் ஒருநாள் படம் எடுத்தார். 'காகிதப்பூ. தண்ணீர் ஊற்றவில்லை' என்று எழுதிப் போட்டார். குழுவில் அவர் போட்ட முதல் பதிவு அதுதான்.

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. ஹன்னா தன் மொழியில் எழுதி, போனைத் தமிழாக்கச் சொல்லியிருக்கிறாள்.

'அன்புள்ள மாமனார் அவர்களே, மிக அழகான கைவேலை. தண்ணீர் ஊற்றாதது நல்ல முடிவு. காகிதம் கிழிந்துவிடும். இங்கே குருத்து ஞாயிறுக்கு ஓலை கிடையாது. மொட்டைக் குச்சிகளில் காகிதப் பூக்களைக் கட்டுவோம். எனக்கும் கொஞ்சம் செய்து அனுப்புவீர்களா?'

இஞ்ஞாசிமுத்து கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் படித்தார். 'தவறு. அது செடி' என்று விரல் தானாக எழுதியது. அனுப்பவில்லை. அதற்குள் சகாயராணி கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணே, திருத்திக் கிருத்தித் தொலைச்சிராதீக. இன்னைக்குத்தான் அந்தப் புள்ள உங்ககிட்ட வாயைத் தொறந்திருக்கு."

"பிழை பிழைதானே?"

"ஆமா, சரியாச் சொல்லிச் சொல்லித்தான் மகன் முகத்தைப் பாக்காம இருக்கீக."

போனை வைத்துவிட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. திருத்தினால் அந்தப் பெண் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவாள். மகன் வீட்டுப் பக்கம் திறந்த ஒரே கதவு அது, தானாகத் திறந்த கதவு. அவர் 'தவறு' என்பதை அழித்துவிட்டு 'ஆகட்டும்' என்று எழுதி அனுப்பினார். பொய் சொல்லிவிட்ட குற்ற உணர்ச்சியில் அன்று காலைக் காப்பியைக் கேட்க மறந்துபோனார்.

செக்காலை ரோட்டுக் கடையில் சிவப்பு க்ரேப் காகிதம் வாங்கினார். "பேத்திக்கு ஸ்கூல்ல ஆண்டு விழாவா சார்?" என்றான் கடைக்காரன். "இல்லை, எனக்குத்தான்" என்றார். வாசல் செடியிலிருந்து ஒரு பூவைப் பறித்துவந்து மேசையில் வைத்து, ஸ்கேலால் அளந்து, படம் வரைந்து, வெட்டினார். முதலில் வந்தது வெற்றிலை மாதிரி இருந்தது. அடைக்கலமேரி மைதா பசை காய்ச்சிக்கொண்டு வந்து வைத்தாள்.

"வாசல்ல அம்புட்டுப் பூத்துக் கெடக்கு. இங்குட்டு ஒக்காந்து காகிதத்துல செய்யிறீக."

"சும்மா இரு. பசை கெட்டியாயிரும்."

அவள் சும்மா இருக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து கம்பிக்குப் பச்சைக் காகிதம் சுற்றிக் கொடுத்தாள். மிக்சி அந்த வாரம் ஓடவே இல்லை. பொட்டலத்தின் மேல் இஞ்ஞாசிமுத்து கொட்டை எழுத்தில் 'தண்ணீர் படக்கூடாது' என்று எழுதினார். அதைப் பின்லாந்துத் தபால்காரர் படிப்பாரா என்று அடைக்கலமேரி கேட்டதும், அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார்.

குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து, கையில் ஓலையோடு வீடு திரும்பியபோது படம் வந்திருந்தது. ஒரு ஜாடியில் மொட்டைக் குச்சிகள். குச்சிகளில் அவர் செய்த பூக்கள். பின்னால் ஜன்னலில் பனி. அவர் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மகனுடைய எண்.

"அப்பா."

"ம்."

"நல்லா இருக்கீகளா?"

"இருக்கேன்." இஞ்ஞாசிமுத்து குரலைத் தணித்தார். "அந்தப் புள்ள பக்கத்துல இருக்கா?"

"அடுப்படியில இருக்கா."

"ஒரு தப்பு நடந்துபோச்சுடா. மொதல்ல நான் போட்ட படம் காகிதத்துல செஞ்சதில்ல. நம்ம வாசல் செடி."

"தெரியும்ப்பா. அதை நட்டதே நான்தானே."

"அப்ப அவகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"அன்னைக்கே சொல்லிட்டேன். அதுக்குள்ள நீங்க ஆகட்டும்னு எழுதிட்டீக. அவதான், இப்ப உண்மையைச் சொன்னா உங்கப்பா மறுபடி பேச மாட்டாரு, அவரு செஞ்சு அனுப்பட்டும், நாம ஒண்ணும் தெரியாத மாதிரி வாங்கிக்கிருவோம்னா."

இஞ்ஞாசிமுத்து போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்குப் போய்ச் செடியைப் பார்த்தார்.

"அப்பா, லைன்ல இருக்கீகளா?"

"அவகிட்டக் குடு."

"அவளுக்குத் தமிழ் வராதேப்பா. என்னன்னு பேசுவீக?"

"வராட்டி என்ன, குடுடா."