மாடி வீட்டுத் தங்கச்சி

பழனிசெட்டிபட்டியில் பைப் கடை வைத்திருக்கும் பாண்டீஸ்வரனுக்குக் கூடப்பிறந்த பெண் யாரும் கிடையாது. வங்கியில் கடன் வாங்கி மாடி எழுப்பி, அதை மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு வாடகைக்கு விட்ட பிறகுதான் அவருக்கு ஒரு தங்கை வந்து சேர்ந்தாள்.

வாடகைக்கு வருமான வரி உண்டு என்று கடையில் யாரோ சொன்னதிலிருந்து மனிதருக்கு நிம்மதி போயிற்று. தேவதானப்பட்டியிலிருந்து குடிவந்த சண்முகத்தாயிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"வாடகையை ரொக்கமாக் குடுத்துரும்மா. ஆரு கேட்டாலும் எங்கண்ணன் வீடு, சும்மாதான் இருக்கோம்னு சொல்லீரு."

சண்முகத்தாய் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. வீட்டுவரி கணக்கெடுக்க வந்தவரிடம் சொன்னாள், பால்காரரிடம் சொன்னாள், தெரு முழுக்கச் சொன்னாள். கருவாட்டுக் குழம்பு வாரம் தவறாமல் கீழே இறங்கி வந்தது. ஆறே மாதத்தில், இருவருக்கும் ஒரே மூக்கு என்று அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்தார்கள்.

பங்குனியில் அவள் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகையில், 'தாய்மாமன்' என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் பாண்டீஸ்வரன் பெயர்.

"என்னையக் கேக்காமப் போட்டுட்டியே ஆத்தா."

"ஒங்களை விட்டா எனக்கு ஆருண்ணே இருக்காக? தெருவுல அம்புட்டுப் பேருக்கும் குடுத்தாச்சு."

மறுத்தால் பொய் வெளியே வரும். அரைப் பவுன் தோடு, பட்டுப்பாவாடை, பதினோரு தட்டு, கிடா ஒன்று. மேளம் முன்னால் போக, மாலையும் கழுத்துமாகச் சீர் கொண்டு போனார். குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து வீறிட்டபோது அவருக்கும் கண் கலங்கியது. தோட்டின் விலையை நினைத்தா, வேறு எதையாவது நினைத்தா என்று அவருக்கே தெரியவில்லை.

ஜூலையில் கடைக் கணக்கு பார்க்கப் போன இடத்தில், ஆடிட்டர் ஞானசெல்வியிடம் மாடி விஷயத்தை உளறிவிட்டார். அந்த அம்மா கால்குலேட்டரைத் தட்டினார்.

"கட்டுன வீட்டுவரி போக, மிச்சத்துல முப்பது சதவீதம் கழிஞ்சிரும், ரசீதுகூட வேண்டாம். மாடிக்கு வாங்குன கடனோட வட்டியும் கழியும். இதுல ஒங்களுக்கு வரியே வராது அண்ணாச்சி. மறைக்காமக் காட்டீருவோம்."

பாண்டீஸ்வரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தாய்மாமன் சீரு செஞ்சதை?"

"அதுக்குக் கழிவு இல்ல. வாடகை ஒப்பந்தம் ஒண்ணு எழுதி வாங்கிட்டு வாங்க."

ஒப்பந்தத்தில் 'வாடகைதாரர்' என்ற சொல்லைச் சண்முகத்தாய் இரண்டு தடவை படித்தாள். கையெழுத்துப் போட்டாள். அப்புறம் நாலு நாள் குழம்பு வரவில்லை.

"அந்தப் பிள்ளையை என்ன சொன்னீக?" என்று மனைவி உமாதேவி வேறு குடைந்தாள்.

ஐந்தாம் நாள் இரண்டு கிலோ பன்னீர் திராட்சையோடு மாடி ஏறினார்.

"வாடகைக்கு இருக்கவுகளுக்கு எதுக்குப் பழமெல்லாம்?"

"அந்தத் தாளு கவர்மெண்டுக்கு. இது என் தங்கச்சிக்கு."

அவள் முகம் தெளிந்தது. பழத்தை வாங்கிக்கொண்டாள்.

"நானே சொல்லணும்னு இருந்தேண்ணே. அல்லிநகரத்துல கட்டுன வீடு முடிஞ்சிருச்சு. ஆவணியில பால் காய்ச்சிக் குடிபோறோம். அண்ணன் சீருதான் மொதல்ல வரணும்."

பாண்டீஸ்வரன் இரண்டு படி இறங்கித் திரும்பினார்.

"அண்டா வாங்கவா, குத்துவிளக்கா?" என்று கேட்டார்.