தெத்துப்பல்

மனிதர்களை நான் வாயை வைத்துத்தான் எடை போடுவேன். தொழில் அப்படி. எனக்குப் பல் லேபில் வேலை. கிளினிக்குகளிலிருந்து வரும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் பிரித்தெடுத்து, யார் யாருடைய ஓட்டைக்கோ பீங்கான் பல் செய்து கொடுப்பேன். யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கடைவாய் தேய்ந்திருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இவர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர், வீட்டில் யாரையோ கடிக்க முடியாமல்.

கோந்துவின் வாயில் மட்டும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வரிசையான, வெள்ளையான, ஒரு குறையும் சொல்ல முடியாத பற்கள். அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

கோந்து என்பது நானும் லேபின் சீனியர் அக்காவும் அவளுக்கு வைத்த பெயர். எங்களுக்கு அச்சு அனுப்பும் ஒரு கிளினிக்கில் அவள் உதவியாளர். தங்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். என் அறையில் ஒரு கட்டில் சும்மா கிடந்தது, தனியாக இருந்து எனக்கும் அலுத்திருந்தது. நானே கூப்பிட்டேன். வந்த சூட்டோடு என் சோப்பு அவள் சோப்பு ஆனது. அப்புறம் என் செருப்பு மாதிரியே ஒரு செருப்பு, என் வகிடு மாதிரியே ஒரு வகிடு. நான் தும்மினால் அவள் மூக்கைத் துடைத்துக்கொள்வாள் என்று அக்கா கேலி செய்வாள். நானும் சிரித்தேன். ஒருத்தி நம்மைப் பார்த்து நகல் எடுக்கிறாள் என்றால் முதலில் உச்சி குளிரத்தான் செய்கிறது. பொய் சொல்வானேன்.

சிரிப்பு நின்றது அம்மா விஷயத்தில். ஊரிலிருந்து அம்மா தினமும் சாயங்காலம் போன் செய்வாள். அப்பா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள், வேறு நாதியில்லை. எனக்கு இடது பக்கம் ஒரு தெத்துப்பல் உண்டு. சின்ன வயதில் டாக்டர் அதைச் சரி செய்துவிடலாம் என்றபோது, "அது இருந்தாத்தான் இவ சிரிக்கிறது அழகு" என்று அம்மா மறுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் என்னைக் கூப்பிடுவது 'பல்லி' என்றுதான். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் அறைந்துவிடுவேன்.

நான் குளிக்கப் போன நேரத்தில் கோந்து அந்த போனை எடுக்க ஆரம்பித்தாள். முதலில் 'ஆன்ட்டி'. பிறகு 'அம்மா'. ஒருநாள் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தேன்.

"நம்ம அம்மாவுக்கு முட்டி வலியாம்டி. உன்கிட்ட சொல்லலையா?" என்றாள்.

"எங்க அம்மா," என்றேன்.

"அதான் நானும் சொல்றேன். நம்ம அம்மா."

எங்க என்பதற்கும் நம்ம என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் யாரும் தமிழ் பேசுவதில்லை. அவள் தெரிந்துதான் சொன்னாள்.

பால் ஆரம்பித்ததும் அப்போதுதான். படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர், சர்க்கரை தூக்கலாக. "நாளெல்லாம் தூசியில உக்காந்திருக்க, குடி" என்பாள். குடித்தேன். அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். காலையில் நாக்கு தடித்திருக்கும், கை என் பேச்சைக் கேட்காது. யாரோ ஒரு பெரியவருக்கு மற்ற பல்லோடு சேருகிற மாதிரிப் பழுப்பில் கேட்டிருந்தார்கள். நான் பளீர் வெள்ளையில் செய்து அனுப்பி, ஓனரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு காலையில் எழுந்தபோது வாயோரம் ஏதோ உறுத்தியது. எடுத்துப் பார்த்தேன். ரோஸ் நிறத்தில் ரப்பர் மாதிரி ஒரு துணுக்கு. அச்சுப் பசை. அதைத் தண்ணீரில் குழைத்து வாயில் வைத்தால் இறுகிப் பல்லின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். லேபில் நாள் முழுக்க அதோடுதான் குடித்தனம். உடுப்பில் ஒட்டி வந்திருக்கும் என்று துடைத்துப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கோந்துவின் கிளினிக்கிலிருந்து இரண்டு அச்சுகள் வந்தன. ஒன்று யாரோ ஒரு நோயாளியின் வாய். இன்னொன்று மாதிரிக்கு. மாதிரியில் இருக்கும் தெத்துப்பல் போலவே நோயாளியின் பல்லுக்கு மேல் பொருத்த ஒரு பீங்கான் உறை வேண்டுமாம். நேரான பல்லைக் கோணலாக்கச் சொல்கிற கிறுக்கு யார் என்று அக்காவும் நானும் சிரித்தோம். மாதிரி அச்சு ஓரமெல்லாம் சுருங்கிக் கிடந்தது. எடுத்ததும் அனுப்பாமல் ராத்திரி முழுக்க வைத்திருந்தால்தான் இப்படி ஆகும். ராத்திரியில் எந்தக் கிளினிக் திறந்திருக்கிறது என்று திட்டிக்கொண்டே பிளாஸ்டரை ஊற்றினேன்.

பிரித்தெடுத்தேன். தெத்துப்பல்லுக்குப் பக்கத்தில் முன்பல்லின் நுனியில் ஒரு சின்னச் சில்லு உடைந்திருந்தது. என் நாக்கு என்னைக் கேட்காமலே என் முன்பல்லுக்குப் போனது. அங்கேயும் அதே உடைசல். நாக்கு தெத்துப்பல்லைத் தடவியது, விரல் பிளாஸ்டரைத் தடவியது. என் வாய் என் உள்ளங்கையில் உட்கார்ந்து பல்லிளித்துக்கொண்டிருந்தது.

பல் பிடுங்கப் பயப்படுகிறவர்களுக்குக் கிளினிக்கில் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். அந்த அலமாரியின் சாவி கோந்துவிடம்தான். பால் ஏன் அத்தனை இனித்தது என்று இப்போது விளங்கியது. தூங்குகிறவளின் வாயைப் பிளந்து பசையைத் திணித்திருக்கிறாள். அதில் கொஞ்சம் தொண்டைக்குள் வழிந்து இறுகியிருந்தால் மூச்சடைத்து அந்தக் கட்டிலிலேயே முடிந்திருப்பேன். எனக்குள் பாதி பயம், பாதி ஆத்திரம்.

போலீசுக்குப் போய் என்ன சொல்வது? என் பல்லைத் திருடிவிட்டாள், ஆனால் பல் என் வாயிலேயே இருக்கிறது என்றா? நான் சொன்னால் நம்புவதற்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். படிக்கட்டுக்கு ஓடி அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பக்கம் அம்மா அழுதாள்.

"நீ இப்படி ஏதாவது சொல்லுவேன்னு அவ போன வாரமே சொன்னாடி. பிளாஸ்டர் பல்லைக் கையில வச்சிக்கிட்டு, இது என்னோடது, யாரோ திருடிட்டாங்கன்னு புலம்புறியாமே. வேலையிலயும் தப்புத் தப்பா பண்றியாம். ஏன்டி எங்கிட்ட மறைச்ச?"

போன வாரம் அந்தப் பிளாஸ்டர் பிறக்கவே இல்லை. அதைச் சொன்னேன். அம்மா காதில் ஏறவில்லை.

"நீ ஒண்ணும் பேசாத. நான் கிளம்பி வரேன்."

அந்தப் பிளாஸ்டர் வார்ப்பை எடுத்துக்கொண்டு அன்றே லேப் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். ஓனரிடம் சொல்லிப் பார்த்தேன். "அது பெரிய கிளினிக்மா, பகைச்சுக்க முடியாது. நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு," என்று நழுவினார். அந்த வாரக் கடைசியில் அம்மா போன் செய்தாள்: "நான் ரூமுக்கு வந்துட்டேன். நீ எங்க இருக்க?"

பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மாவை என் அறைக்கு அழைத்துப் போக ஒருத்தி காத்திருந்திருக்கிறாள். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன்.

அம்மா என் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கோந்து அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நிமிர்ந்து சிரித்தாள். இடது பக்கம் தெத்துப்பல்.

"உன் கையால செஞ்சு தரணும்னுதான் உங்க லேபுக்கே அனுப்பினேன். நீ ஓடிட்ட. உங்க ஓனரே செஞ்சு கொடுத்தார்," என்று காதோரம் குசுகுசுத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

வார்ப்பை அம்மாவின் மடியில் வைத்தேன். "இது யார் பல்லும்மா? பாத்துச் சொல்லு."

அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உன்னோடதுதான்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா விடாமல் சொன்னாள்: "வேலை கத்துக்கறப்ப உங்க வாயிலயே அச்சு எடுத்துப் பழகுவீங்களாமே. அவ சொன்னா."

பழகுவோம். அது நிஜம்.

"அவ பல்லைப் பாரும்மா. போன மாசம் அது இல்ல."

"நான் போன மாசம் அவளைப் பாக்கலையேடி. சிரிச்சா உன்னை மாதிரியே இருக்கா. அதுக்குப் போயா கோவம்?"

கோந்து பால் டம்ளரோடு வந்தாள். அம்மா வாங்கி என்னிடம் நீட்டினாள். "குடிச்சிட்டுப் படு."

"அதுல மருந்து கலந்திருக்கு."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை. "சரி, நானே குடிக்கிறேன். பாரு," என்றாள். தட்டிவிடக் கையை ஓங்கினேன். அதற்குள் மடக்கென்று குடித்துவிட்டாள். கோந்துவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பேசிக்கொண்டிருந்த அம்மா பேச்சைப் பாதியில் விட்டுச் சாய்ந்தாள். விடியும்வரை அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். "நம்ம அம்மா நல்லா தூங்கறாங்க. நீயும் தூங்கேன்," என்று எதிர்க் கட்டிலிலிருந்து குரல் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயத்துக்கு நடுவே எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. காலையில் அம்மாவுக்கு நாக்கு தடித்திருக்கும், தலை கனக்கும். அப்போதாவது நம்புவாள்.

வெயில் ஏறிய பிறகு அம்மா கண் விழித்தாள். கையை நீட்டிச் சோம்பல் முறித்தாள்.

"அப்பா போனதுலேர்ந்து இப்படி ஒரு தூக்கம் தூங்கினதே இல்லடி. முட்டி வலிகூடத் தெரியல. என்னமோ கலந்திருக்குன்னியே, எனக்கு என்ன ஆச்சு? முழுசாத்தானே இருக்கேன்?"

நான் காலி டம்ளரை எடுத்து முகர்ந்தேன். வெறும் பால் வாசனைதான்.

அம்மா என் தலையைத் தடவினாள். "ஊருக்குப் போயிடலாம். பாவம், அவளும் வேலையை விட்டுட்டு வரேன்னுட்டா. நீ ஒண்ணுத்துக்கும் கவலைப்படாத. நாங்க ரெண்டு பேரும் உன்னைப் பாத்துக்கறோம்."

அம்மா 'நாங்க' என்றால் அதில் நான் இருப்பேன். பிறந்ததிலிருந்து அப்படித்தான். இன்றைக்கு வெளியே நின்றேன்.

மூட்டை கட்டினார்கள். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "பல்லி, அந்தப் பையை எடு," என்றாள்.

நான் குனிந்தேன்.

"நீ உக்காரும்மா, உனக்கு முடியாது," என்றாள் அம்மா. "நான் அவளைச் சொன்னேன்."