நூற்றிரண்டு எறும்புகள்

பேக்கரியில் கேக்குகளுக்கு க்ரீம் பூசும் பெண்ணின் பின்னால் எறும்புகள் வரிசை கட்டி நடக்க ஆரம்பித்தது, மாவு மூட்டையின் விலை அந்த வருடத்தில் இரண்டாவது முறை ஏறிய வாரத்தில். சின்னக் கறுப்பு எறும்புகள், கடிக்காத ஜாதி. காலையில் அவள் கதவைப் பூட்டும்வரை வாசலில் காத்திருக்கும். சிக்னலில் அவள் நின்றால் நிற்கும், பஸ்ஸில் ஏறினால் பின்படிக்கட்டு வழியாக ஏறும். பேக்கரிக்குள் வந்ததும் அவளுடைய ஸ்டூலுக்குப் பின்னால் சுவரோரமாக ஒழுங்காக நின்றுகொள்ளும். கேக்கை அவை தொடவே இல்லை. தரையில் சிந்திக் கிடந்த சர்க்கரையைக்கூடச் சுற்றிக்கொண்டு போயின. அவற்றுக்கு வேண்டியது அவள் மட்டும்தான். அவள் சோப்பை மாற்றிப் பார்த்தாள், தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை மாற்றிப் பார்த்தாள், வீட்டை மூன்று முறை கழுவிவிட்டாள். எறும்புகள் ஈரம் காயும்வரை ஒதுங்கி நின்றுவிட்டு மறுபடி வரிசைக்கு வந்தன.

கடையில் எல்லாரும் அவளை க்ரீம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது முப்பத்தொன்று. கூம்புப் பையை அழுத்தி ஒரு திருப்புத் திருப்பினால் ரோஜா விழும். பதினோரு வருடங்களில் அப்படி எத்தனை ரோஜாக்கள் விழுந்தன என்று அவளுக்கே தெரியாது. ஐந்து மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. ஏதாவது விசேஷமா என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு இல்லை, இல்லை என்று சொல்லியே வாய் வலித்தது. கழுத்தின் பின்பக்கம் அழுக்குப் படிந்த மாதிரி கறுத்திருந்தது. தேய்த்ததில் தோல் எரிந்ததே தவிர கறுப்பு போகவில்லை. தாடையில் இரண்டு முடிகள், பிடுங்கப் பிடுங்கச் சொல்லிவைத்த மாதிரி திரும்பி வந்தன. மதியம் சாப்பிட்டால் நின்றுகொண்டே தூக்கம் வந்தது. எல்லாம் சோம்பேறித்தனம், உடம்பு வளைய மறுக்கிறது என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். இடுப்பு பெருத்ததற்குத் தண்டனையாகக் காலைச் சாப்பாட்டை நிறுத்தினாள். சர்க்கரை போடாத டீயிலேயே இரண்டு மாதக் காலைகள் ஓடின. எடை இம்மியும் குறையவில்லை. எறும்புகள்தான் கூடின.

முதலாளியம்மா பொல்லாதவள் இல்லை. ஆனால் மூன்று மாதத்தில் சுகாதார ஆய்வாளர் லைசென்ஸ் புதுப்பிக்க வருவார். எறும்பு கேக்கைத் தொடாது என்று அவரிடம் யார் போய் விளக்குவது? அதற்குள் வரிசை போகாவிட்டால் க்ரீம் மேசையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் பின்னறையில் அட்டைப்பெட்டி மடிக்கப் போக வேண்டும் என்று, அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டாள். உலகத்தில் தனக்கு நன்றாக வரும் ஒரே காரியம் அந்த மேசைமேல்தான் இருக்கிறது என்று க்ரீம் அக்காவுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் கணவன், பஸ் டிரைவர், அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, எறும்புக்கு மருந்து தேடுவதை விட்டுவிட்டு டாக்டரைப் பார்க்கலாம் என்றான். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் அவன் சொன்ன புத்திசாலித்தனமான வார்த்தைகளில் இது ஒன்று.

டாக்டரம்மா முதலில் கழுத்தைப் பார்த்தார், பிறகு நாற்காலிக்கு அடியில் நின்ற எறும்புகளைப் பார்த்தார், இரண்டையும் ஒரே பேனாவால் குறித்துக்கொண்டார். ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் சீட்டு எழுதினார்.

"பி.சி.ஓ.எஸ்ஸா, அதாவது சினைப்பைக் கோளாறா இருக்கலாம்னு சந்தேகப்படறேன். இன்சுலினும் சரியா வேலை செய்யலைன்னு தோணுது. டெஸ்ட் வந்தப்புறம்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா ஒண்ணு இப்பவே சொல்லிடறேன். இது சோம்பேறித்தனம் இல்லம்மா. உங்க மேல தப்பு இல்ல."

சாப்பிட்ட சர்க்கரையை உடம்பு சட்டென்று உள்ளே எடுத்துக்கொள்ளாமல் ரத்தத்திலேயே சுற்றவிடுகிறது என்று அவர் படம் போட்டு விளக்கினார். எறும்புக்கு மூக்கு நல்ல மூக்கு என்று மட்டும் அதோடு சேர்த்துச் சொன்னார். க்ரீம் அக்கா வெளியே வந்து வராந்தாவில் மறுபடி அழுதாள், ஆனால் இது வேறு அழுகை. வியாதியின் பெயரைக் கேட்டு ஒருத்தி இவ்வளவு நிம்மதியாக அழுததை அங்கிருந்த நர்ஸ் அதற்குமுன் பார்த்ததில்லை.

காலைச் சாப்பாட்டை விடக் கூடாது என்பது டாக்டரம்மாவின் முதல் கட்டளை. வாயில் போடுவதையெல்லாம் ஒரு வாரம் நோட்டில் எழுத வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதற்கு இடுப்பை நினைத்துத் தயங்கியவள், இரண்டாவதை ஒளிவுமறைவில்லாமல் செய்தாள். படித்துப் பார்த்தால் துறவியின் நோட்டு மாதிரி இருந்தது. குட்டை உடைத்தது, பேக்கரியில் ரொட்டி சுடும் அடுப்பு அண்ணன். ரொட்டி வேகும்வரை அவருக்கு வேலை இல்லை, எறும்பை எண்ணுவார். காலையில் அவள் வரும்போது அறுபது, கிளம்பும்போது நூற்றிரண்டு. கரண்டியை அவள் ஒவ்வொரு தடவை நாக்கில் வைக்கும்போதும் கதவிடுக்கு வழியாக ஒரு புது எறும்பு வந்து வரிசையில் நின்றது. ஒரு நாளைக்கு நாற்பத்திரண்டு தடவை ருசி பார்த்திருக்கிறாள். அந்த பேக்கரியில் ருசி பார்ப்பதைச் சாப்பாடு என்று யாரும் நினைத்ததே இல்லை, அது வேலை. வெறும் வயிற்றோடு வந்தவளுக்குப் பதினோரு மணிக்குக் கை நடுங்கும்; நடுங்கும் கை தானாகக் கரண்டியிடம் போகும். "நான் எதுவுமே சாப்பிடலையே அண்ணா," என்றாள். "ஆமாம்மா, கேக்கு மட்டும்தான்," என்றார் அவர்.

மறுநாளிலிருந்து காலையில் முட்டையோ அவித்த பயறோ சாப்பிட்டுவிட்டு வந்தாள். மதியம் முதலில் காய்கறி, பிறகுதான் ரொட்டி. சாப்பிட்டதும் உட்காரக் கூடாது, கால் மணி நேரம் நடக்க வேண்டும். எனக்கென்ன வியாதி என்று முனகிக்கொண்டே கணவனும் மாலையில் கூட நடந்தான். ஒரே மாதத்தில் அவன் தொப்பை இறங்கிவிட்டது, அவளுக்கு அரைக் கிலோகூட இறங்கவில்லை. அந்தக் கோபத்தில் அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. ஆனால் நடக்கும்போது வரிசையின் கடைசியிலிருந்து எறும்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று, தெருவிளக்குக் கம்பத்தடியில் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போயின. பெரிய ஆர்டர் வந்து ஒரு வாரம் சரியாகத் தூங்காததில் இருபது திரும்பி வந்தன. தூங்கினாள், போய்விட்டன.

ருசி பார்ப்பதுதான் சிக்கல். ஒரு நாளைக்கு இரண்டு கரண்டி என்று அவளே வைத்துக்கொண்டாள். மீதிக்கு அடுப்பு அண்ணனைக் கூப்பிட்டால் எல்லாமே பிரமாதம் என்பார். கொதிக்கக் கொதிக்க டீ குடித்து அவர் நாக்கு எப்போதோ செத்துவிட்டது. முதலாளியம்மாவோ எதைக் கொடுத்தாலும் இன்னும் கொஞ்சம் சர்க்கரை என்பாள். ஒரு நாள் மேசை ஓரத்தில் ஒரு சொட்டு க்ரீம் விழுந்தது. அதுவரை எதையும் தொடாத வரிசையிலிருந்து முன்னால் நின்ற எறும்பு ஏறி வந்து, சுவைத்துப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கியது. அவள் தன் இரண்டில் ஒரு கரண்டியைச் செலவழித்துப் பார்த்தாள். சர்க்கரை தூக்கல்தான். அடுத்த கலவையை எறும்பு நின்று நிதானமாகச் சாப்பிட்டது.

பதினோராவது வாரம் ஒரு காலையில் அவள் குளியலறையிலிருந்து கத்தினாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று கணவன் ஓடினான். "வந்துடுச்சுங்க," என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாளும் அவனும் பயந்துகொண்டுதான் இருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தேகம் உண்மைதான் என்று ரிப்போர்ட் முன்பே சொல்லியிருந்தது. இப்போது மறுபடி எடுத்த ரத்தப் பரிசோதனையில் எண்கள் இறங்கியிருந்தன. இது விட்டுப்போகிற விருந்தாளி இல்லை, கூடவே இருக்கும், ஆனால் சொன்னபடி கேட்கும் என்றார் டாக்டரம்மா. நாற்காலிக்கு அடியில் அன்றைக்கு ஒரே ஒரு எறும்புதான் நின்றது.

ஆய்வாளர் வந்த அன்றும் அந்த ஒன்று மேசைமேல் இருந்தது. அவர் பேனாவைத் திறந்தார்.

"இது என்னம்மா?"

"அது எங்க ஸ்டாஃப் சார். ருசி பாக்குற வேலை," என்றாள் முதலாளியம்மா, கொஞ்சமும் யோசிக்காமல்.

அவர் இரண்டு கிண்ணங்களிலிருந்து இரண்டு சொட்டு வைக்கச் சொன்னார். எறும்பு ஒன்றைச் சாப்பிட்டது, மற்றதைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் இரண்டையும் நக்கிப் பார்த்தார், வெகுநேரம் யோசித்தார், பிறகு வேலை செய்வோர் எண்ணிக்கை என்ற இடத்தில் நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். க்ரீம் அக்கா கூம்புப் பையை எடுத்தாள், கை நடுங்கவில்லை.

இது நடந்து பதினான்கு வருடமாகிறது. மாவு விலை எத்தனையோ முறை ஏறிவிட்டது, அடுப்பு அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார், லைசென்ஸில் ஐந்து என்றுதான் இருக்கிறது. எறும்புக்கு ஆயுள் எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கப் போகும்போது அதுவும் வரும். மூன்றாவது கரண்டியை அவள் எடுத்தால் கைப்பிடியில் ஏறி நிற்கும். சரி, வைக்கிறேன் என்று சொல்லி அவள் வைத்துவிடுவாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளும் எறும்புமாக இருவரும் தெருவில் இறங்கி நடப்பார்கள். இப்போதெல்லாம் அது பின்னால் வருவதில்லை, முன்னால் போகிறது.