நான்காவது மேஜையின் சராசரி

ஒரகடத்தில் கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டிக்கொடுக்கும் ஒரு கம்பெனியில், நான்காவது மேஜையில் நின்ற நான்கு பெண்களும் ஆவணி மாதத்தில் ஒரே உயரத்துக்கு வந்தார்கள். நூற்று ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர். வாலாஜாபாத் காமாட்சியம்மாள் ஏழு சென்டிமீட்டர் வளர்ந்தார். வடக்குப்பட்டு மரகதம் நான்கு வளர்ந்தாள். மண்ணூர் காவேரி ஒன்று குறைந்தாள், அதை அவளே கவனிக்கவில்லை. நால்வரில் இளையவளும் நெடியவளுமான சுவாதி பத்து குறைந்து, பேண்டின் அடியை மடித்துத் தைத்துக்கொண்டாள். யூனிஃபார்ம் கொடுப்பவர் நான்கு பேருக்கும் ஒரே அளவை எழுதினார். அவருக்கு வேலை மிச்சம்.

அந்த வருடம் கம்பெனியில் ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஒரு டிவி மாட்டியிருந்தார்கள். யார் மணிக்கு எத்தனை கட்டு முடித்தார்கள் என்பது அதில் பெயரோடு ஓடும். அடியில் சிவப்பு எழுத்தில் அந்த மேஜையின் சராசரி. தொடர்ந்து மூன்று மாதம் சராசரிக்குக் கீழே இருப்பவர்களின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று சுற்றறிக்கை வந்தது. வாசலில் ஒரு பேனரும் கட்டினார்கள்: ‘இந்த ஆண்டு நாம் அனைவரும் சராசரிக்கு மேல்.’ சராசரி என்றால் என்ன என்று பலர் கேட்டதால், பயிற்சிப் பிரிவிலிருந்து சிவசங்கர் என்பவர் ஷிஃப்டுக்கு முன் அரைமணி நேரம் கேன்டீனில் கணக்கு வகுப்பு எடுத்தார். பேனர் கட்டியவர்கள் அந்த வகுப்புக்கு வரவில்லை.

சிவசங்கர் பலகையில் நான்காவது மேஜையின் எண்களையே எழுதினார். சுவாதி முப்பது, காவேரி இருபத்தாறு, காமாட்சியம்மாள் இருபத்து மூன்று, மரகதம் இருபத்தொன்று. கூட்டினால் நூறு. நாலால் வகுத்தால் இருபத்தைந்து.

“இந்த இருபத்தஞ்சு யாரு சார்?” என்று மரகதம் கேட்டாள்.

“யாரும் இல்லம்மா. அது ஒரு கணக்கு.”

“இல்லாத ஒருத்திய விட நா கம்மியா கட்டறேன்னு என்ன வூட்டுக்கு அனுப்புவாங்களா?”

கேன்டீன் சிரித்தது. சிவசங்கரும் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். பேனர் என்ன சொன்னாலும் எல்லாரும் சராசரிக்கு மேலே இருக்க முடியாது என்றார். எல்லாரும் சரியாகச் சராசரியிலேயே நின்றால்தான் யாரும் கீழே இருக்கமாட்டார்கள் என்றும் போகிற போக்கில் சொன்னார். அவர் அதைக் கணக்காகச் சொன்னார், அவர்கள் யோசனையாக எடுத்துக்கொண்டார்கள்.

மரகதத்துக்கு நாற்பது வயது. கணவன் பரசுராமன் வேலைபார்த்த கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனதிலிருந்து அவன் வீட்டில் இருந்தான். மகள் பூஜா பன்னிரண்டாம் வகுப்பு. மகளைக் காலேஜுக்கு அனுப்பும்வரை இந்த வேலை போகக்கூடாது, அவ்வளவுதான் மரகதத்துக்கு. அன்று மதியம் காவேரி தண்ணீர் தொட்ட விரலால் சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டாள். மரகதமும் காமாட்சியம்மாளும் போய்விட்டால் மிச்சம் முப்பதும் இருபத்தாறும். சராசரி இருபத்தெட்டு.

“அடுத்து நானு,” என்றாள்.

“அப்ப நா தப்பிச்சேன்,” என்றாள் சுவாதி.

“இன்னா தப்பிச்ச? நாலு பேரு வேலையையும் ஒத்த ஆளா கட்டிக்கினு கெடப்ப. உனக்கு நீதான் சராசரி.”

சுவாதி சோற்றைப் பிசைந்தாள். “சரிக்கா. மெதுவா கட்றேன்,” என்றாள்.

வேகமாகக் கட்டுவதை விட மெதுவாகக் கட்டுவதுதான் கஷ்டம், கை அரிக்கிறது என்று அவள் முதல் வாரம் புலம்பினாள். காமாட்சியம்மாள் காலால் தாளம் தட்டினார், மற்ற மூவரும் அதற்கேற்பக் கையை ஓட்டினார்கள். இரண்டாம் வாரம் நான்கு பெயருக்கு நேரேயும் இருபத்தைந்து என்று ஓடியது. அது அப்படியே நின்றது. அதன் பிறகுதான் உயரம் சமமானது. காமாட்சியம்மாளின் நரையில் முக்கால் பங்கு மற்ற மூவரின் தலைக்கும் போனது. சுவாதிக்குக் கடைவாய்ப்பல் வலித்தபோது நான்கு பேரும் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் யாருக்கும் மாத்திரை போடும் அளவுக்கு வலிக்கவில்லை.

“இன்னாமே, ஸ்டூல் போடாம மேல் பலகை டப்பாவ எடுக்கற?” என்று பரசுராமன் ஒருநாள் கேட்டான்.

“கம்பெனில அப்படி,” என்றாள் மரகதம். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. கம்பெனியில் எதுவும் நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

புரட்டாசியில் சிவசங்கர் நிகழ்தகவு நடத்தினார். நான்காவது மேஜைக்காரர்களிடம் ஆளுக்கொரு காசு கொடுத்துச் சுண்டச் சொன்னார். இரண்டு தலை, இரண்டு பூ. மறுபடியும் இரண்டு தலை, இரண்டு பூ. மணி அடிக்கும்வரை சுண்டினார்கள், மாறவில்லை. பாதிக்குப் பாதி என்பது ரொம்ப நாள் சுண்டினால்தான் வரும், ஒவ்வொரு தடவையும் வரக்கூடாது என்று அவர் விளக்கினார். அவர்கள் மன்னிப்புக் கேட்பது போலப் பார்த்தார்கள். அவர் காசுகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த உதாரணத்துக்குப் போனார். பைக்கில் போகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு விபத்து என்று வைத்துக்கொள்வோம் என்றார்.

ஐப்பசி மழையில், காமாட்சியம்மாளின் ஒரே மகன் கோபிநாத் இரண்டாம் ஷிஃப்டு முடிந்து வாலாஜாபாத் ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது அவன் பைக் மீது கன்டெய்னர் லாரி ஏறியது. அவனுக்கு இருபத்து நான்கு வயது. காமாட்சியம்மாள் கால் பங்கு அழுதார். பந்தலில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள், புருஷன் செத்தபோது ஊரையே எழுப்பினவள் இப்போது கல் மாதிரி இருக்கிறாளே என்று பேசிக்கொண்டார்கள். மீதி முக்கால் பங்கு அழுகையும் அதே நேரத்தில் ஒரகடத்தில் நடந்தது. கட்டிய ஒயர்களின் மேல் சொட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூவரும் ஆளுக்குக் கால் பங்கு அழுதார்கள். கை நிற்கவில்லை. சூப்பர்வைசர் சுற்றிப் பார்த்துவிட்டு, திரையில் இருபத்தைந்து ஓடுவதைக் கண்டு போய்விட்டார்.

பதினாறு முடிந்து காமாட்சியம்மாள் வேலைக்கு வந்தார். கேன்டீனில் சிவசங்கரைப் பார்த்து, “ஆயிரத்துல ஒருத்தருன்னு சொன்னீங்க சார். எனக்கு ஒண்ணுல ஒண்ணு போயிடுச்சு,” என்றார். குரலில் கோபம் இல்லை, கணக்கில் வந்த சந்தேகம் போலக் கேட்டார். சிவசங்கர் பலகையைத் துடைத்தார். அதற்குப் பிறகு கணக்கு வகுப்பு நடக்கவில்லை.

பஸ்ஸில் காமாட்சியம்மாள் மரகதத்திடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: “முழுசா வந்திருந்தா நா தாங்கியிருக்க மாட்டன்டி. ஆனா பெத்த புள்ளைக்குக் கால்வாசிதான் அழுதேன்னு நெஞ்சுல ஒண்ணு நின்னுக்கினே கீது.” அதற்குப் பின் அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

வருடம் அப்படியே போனது. மற்ற மேஜைகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி போனால் சராசரி ஏறியது, ஏறியதும் இன்னொருத்தி அதற்குக் கீழே போனாள். நான்காவது மேஜையில் யாரும் போகவில்லை. வெயில் காலத்தில், கம்பெனிக்கு லீவான ஒரு நாளில், பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. பூஜா போனை நீட்டினாள். கணக்கில் நூற்றுக்கு நூறு. பரசுராமன் வாசலில் போய் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னான். மரகதம் இந்த ஒரு நாளுக்காகத்தான் அந்த மேஜையில் நின்றாள். நல்ல சாப்பாடு சாப்பிட்டது போல ஏதோ கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான். இன்னும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“ஏம்மா, உனக்கு சந்தோசம் இல்லியா?” என்று பூஜா கேட்டாள்.

“கீதுடி,” என்றாள். பொய் இல்லை, கால் பங்கு இருந்தது.

இரவெல்லாம் யோசித்து மரகதம் ஒரு முடிவுக்கு வந்தாள். நாளைக்குத் தன் சொந்த வேகத்துக்குக் கட்டுவது. இருபத்தொன்று. திரையில் அவள் பெயர் கீழே இறங்கட்டும், வேலை போனாலும் போகட்டும், அவளுக்கு வரவேண்டியது முழுதாக அவளிடம் வரட்டும். மகளைப் பார்த்து ஒரு தடவையாவது முழுசாகச் சந்தோஷப்பட வேண்டும். காலையில் பஸ் ஏறும்போது தன் பழைய கை எப்படி அசையும் என்று மடியில் வைத்து அசைத்துப் பார்த்தாள்.

காமாட்சியம்மாள் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். பஸ் ஒரகடம் பாலம் ஏறியது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

“நேத்து காலைல கத்திரிக்கா அரிஞ்சிக்கினு இருந்தன்டி. திடீர்னு எனக்கு ஒரு சந்தோசம் வந்துச்சு. தனியா உக்காந்து சிரிச்சேன். பக்கத்து வூட்டுக்காரி பயந்துட்டா. எம்புள்ள போனப்புறம் அது எனக்கு வந்ததே இல்ல. யாருதுன்னு தெரியல.”

மரகதம் கையை மடியில் நிறுத்தினாள்.

“என்துதான்க்கா. பூஜா பாஸு. கணக்குல நூறு.”

“அப்படியா?” காமாட்சியம்மாள் அவள் பக்கம் திரும்பினார். இப்போது இருவரின் கண்களும் ஒரே மட்டத்தில் இருந்தன. “திருப்பிக் குடுக்கணுமா?”

மரகதம் மடியிலிருந்த கையைப் பார்த்தாள்.

“வச்சுக்கோக்கா,” என்றாள்.

முன் சீட்டிலிருந்து காவேரி திரும்பி, “எனக்கும்தான் வந்துச்சு, நா யாரையும் கேக்கல,” என்றாள். சுவாதி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பஸ் கம்பெனி வாசலில் நின்றது. பேனரில் வெயில் பட்டு எழுத்து வெளுத்திருந்தது, யாரும் அதை அவிழ்க்கவில்லை. நால்வரும் கையுறை போட்டுக்கொண்டு மேஜைக்குப் போனார்கள். காமாட்சியம்மாள் காலால் தாளம் தட்டினார். மரகதம் அதற்கேற்பக் கையை ஓட்டினாள். முதல் மணி நேரம் முடிந்தபோது திரையில் இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து என்று வந்தது.