முளைவிட்ட மேரக்காய்

தேவநேசன் சபைக்குக் கொடுக்க வேண்டியது நானூற்று இருபத்தைந்து ரூபாய். நகைக்கோ நிலத்துக்கோ இல்லை, ஒரே ஒரு மேரக்காய்க்கு; சௌசௌ என்பார்களே, அதற்கு.

போன வருஷ அறுப்புப் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருள்களைக் கோயிலில் விடும் ஏலத்தில் எடுத்தது. பக்கத்து வீட்டு ஞானசுந்தரி அக்கா, புருஷனில்லாதவள், வீட்டில் கிடந்த ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அடியில் முளை எட்டிப் பார்த்தது. ஏலம் விட்ட ஹெர்பர்ட் அதைத் தூக்கிக் காட்டி, "குழம்புக்கும் ஆகாது, கூட்டுக்கும் ஆகாது. யாருக்குங்க வேணும்?" என்றார். கோயிலே சிரித்தது. அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் தேவநேசன் கையைத் தூக்கினான். வேடிக்கைக்கு ஒருவர் விலையை ஏற்றினார், இவனும் விடவில்லை. போனஸ் வந்தால் கட்டிவிடலாம் என்ற தைரியம்.

போனஸ் எங்கே வந்தது! பச்சைத்தேயிலை விலை கிலோ அஞ்சு ரூபாய்க்கு விழுந்து, அவன் வேலை பார்த்த ஃபேக்டரியையே பூட்டிவிட்டார்கள்.

காயை வீட்டுக்குப் பின்னால் புதைத்தான். முழங்கால் உயரம் வந்த கொடி மார்கழிப் பனியில் கருகிப்போயிற்று.

"பிடுங்கிப் போடு தம்பி. கடனுக்கு வாங்கிக் கரிக்கட்டையா வளக்கற?" என்றாள் அக்கா.

"இருக்கட்டுங்க்கா. வேர் என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்."

"வேர் பேசுமாக்கும்!"

அவன் பெரிய விசுவாசி ஒன்றுமில்லை. ஜெபத்தில் தூங்கிவிடுகிற ஆள்தான். ஆனால் மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று ஞாயிறுதோறும் வாயால் சொல்லிவிட்டு, ஒரு வேரை நம்பாமல் போனால் அது நன்றாயிருக்குமா என்று நினைத்தான்.

சித்திரை மழைக்கு மண்ணைப் பிளந்துகொண்டு துளிர் வந்தது.

ஆடியில் ஹெர்பர்ட் வீடு தேடி வந்தார். "தேவநேசா, நல்ல சேதி. வேலை போனவங்க ஏலப் பாக்கியைத் தள்ளுபடி பண்ணிரலாம்னு கமிட்டில பேசியாச்சு."

"என்னோடதை மட்டும் அடிக்காதீங்கண்ணே."

"ஏனப்பா, வீம்பா?"

"வீம்பில்லீங்க. எஸ்டேட்ல ஆள் வேண்டாம்னுட்டாங்க. கடையில கடன் இல்லைன்னுட்டாங்க. இவன் ஏதாச்சும் தருவான்னு காத்திருக்கறது இந்தக் கோயில் ஒண்ணுதானுங்க. நீங்களும் கையை விட்டுட்டா நான் எங்க போவேன்?"

ஹெர்பர்ட் தேநீரை முழுசாகக் குடிக்கவில்லை. "சரி. பண்டிகை வரைக்கும் பாப்போம்" என்று எழுந்து போனார்.

புரட்டாசியில் பந்தல் தாங்காமல் காய்த்தது. மூட்டை மூட்டையாகக் கோத்தகிரி மார்க்கெட்டில் போட்டான். விலை சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. உருளைக்கிழங்கு தோண்டிய கூலியையும் அதோடு சேர்த்தான். ஃபேக்டரியில் பூட்டு அப்படியேதான் தொங்கியது.

பண்டிகையன்று, ஏலம் தொடங்கும் முன்னால், கசங்கிய நோட்டும் சில்லறையுமாக ஹெர்பர்ட் முன் வைத்தான். அவர் எண்ணினார். ஒருமுறை அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏலம் விடும் அதே குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி, "தேவநேசன் பாக்கி தீர்ந்ததுங்க!" என்றார்.

பின்னாலிருந்து ஞானசுந்தரி அக்கா சொன்னாள்: "அப்ப என் காய் இன்னைக்குத்தான் வித்துதாக்கும்!"