எட்டைத் தாண்டாத ரத்தம்

கனிஷாய்க்கு ஐந்தாம் மாதம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து இரண்டு மாதமாகிறது. விரலைக் குத்திப் பார்த்தால் ரத்த அளவு எட்டைத் தாண்டவில்லை. மாத்திரையைத் தூக்கி எறிகிறாளோ? நாரின் மாகாணத்து மலைப்பக்கத்தில் எங்கள் ஊருக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். சந்தேகம் தாங்காமல் ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் வீட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

விரிப்பைச் சுற்றி ஏழு பேர். தேநீர் ஊற்றுவது மருமகள் வேலை. கனிஷாய் சமோவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினாள். கடைசியாகத் தனக்கும் கருகருவென்று ஒன்று ஊற்றி, மாத்திரையை வாயில் போட்டு, அதைக் குடித்தே விழுங்கினாள்.

"அடிப்பாவி! டீயிலயா முழுங்குற? மாத்திரையோட சத்து உடம்புல ஒட்டாதுடி!"

"பின்ன எதுலக்கா முழுங்குறது?"

"தண்ணியில!"

மாமியார் சுயும்கான் சிரித்தேவிட்டாள். "வெறும் தண்ணியா? அது குதிரைக்குல்ல வைப்பாங்க!"

"அதான் உங்க குதிரை தெம்பா நிக்குது, மருமக வெளுத்துப்போய்க் கெடக்கா."

சிரிப்பு நின்றது. சுயும்கான் போன மாதம் வந்த இளைய மருமகளைப் பார்த்தாள். "இவ இன்னும் உண்டாகல. இவளுக்கும் இப்பவே ரத்தம் பாத்துடு, நர்சம்மா."

அப்படியே என் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தாள். "ஆமா, நீ குடிக்கிறது எத்தனாவது கிண்ணம்?"

"நாலாவது."

"உனக்கு ரத்தம் எவ்வளவு?"

பதினெட்டு வருஷமாக ஊர்ப் பெண்களின் விரலையெல்லாம் குத்துகிறேன். என் விரலை ஒரு நாளும் குத்திப் பார்த்ததில்லை.