ஆள் வீட்டில் இல்லை

தம்பி அனுப்பிய படத்தில் கடல் இருந்தது. சாய்வு நாற்காலி இருந்தது. முழங்கால்வரை சுருட்டிவிட்ட கால்சட்டை இருந்தது. வேலை மட்டும் இல்லை. படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: 'எல்லைகள் அற்றவன்.'

எல்லையற்றவனின் ஆபீஸ் லேப்டாப் அக்கா வீட்டு மேஜையில், இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யலாம், நாட்டை விட்டுப் போய்ச் செய்யக்கூடாது என்பது கம்பெனி விதி. ஐயா வேறொரு நாட்டிலிருந்து இதை இயக்கிக்கொண்டிருந்தார். ஆள் எதிரில் இருக்கிறாரா என்று சோதிக்க, அதில் செருகிய சின்னப் பாதுகாப்புச் சாவி அவ்வப்போது பச்சையாக மின்னும். உடனே ஒரு மனித விரல் அதைத் தொட வேண்டும். ஏழு மாதமாக அந்த விரல் அக்காவுடையது. அவள் டியூட்டிக்குப் போனால் அம்மாவுடையது.

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள்.

திங்கட்கிழமை காலை போன் செய்தான்.

"அக்கா, கம்பெனியில எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை. வீட்டுக்கே வந்து எடுப்பாங்களாம். உங்க லேப்தான்."

"சரி, நீ எப்ப வர்ற?"

"நான் எதுக்கு? உன்னையே அனுப்பச் சொல்லி எழுதிட்டேன். நாளைக்கு ஒன்பதே முக்கால். உன் ரத்தத்தையே ட்யூப்ல பிடிச்சு என் பேர ஒட்டிடு."

"போன மாசம் ட்யூப் மாத்தினவன அன்னிக்கே துரத்திட்டாங்கடா. வேற எந்த லேபும் அவன எடுக்கல."

"விவரம் இல்லாதவன் மாட்டிப்பான். ஏன்க்கா, டியூட்டி, கையெழுத்து, லேட்டுன்னு இதுலயே கெடக்குறியே, மூச்சு முட்டல?"

அதற்குள் சாவி மின்னியது. "தொடு, தொடு, தொடு" என்று மூச்சு முட்டாதவன் பதறினான். தொட்டாள்.

மறுநாள் மூன்றாவது விலாசம் அவள் வீடு. மணி அடித்தாள். அம்மா திறந்தாள்.

"என்னடி, வீட்டுச் சாவிய விட்டுட்டுப் போயிட்டியா?"

"டியூட்டில வந்திருக்கேன்மா. உங்க பையன் இருக்காரா?"

"இந்தக் கிண்டலெல்லாம் வேணாம். உள்ள வந்து குத்திக்க. ஒரே வயித்துல பொறந்தவங்க, ஒரே ரத்தந்தானே."

"தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும்."

"உனக்கென்ன, போனா வீட்டோட இருக்கலாம். அவன் பெரிய வேலையில இருக்கான்."

அக்கா ஊசிப் பெட்டியைத் திறந்தாள். தன் சட்டைக் கையை மடித்து, ரப்பர் பட்டையையும் கட்டிவிட்டாள். அப்போதுதான் லேப்டாப்பைப் பார்த்தாள்.

திரையில் தம்பி, மீட்டிங்கில். அவனுக்குப் பின்னால் இதே அறையின் படம், இதே அலமாரி. முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். பஞ்சு வாங்கவாவது கடையேறியிருக்கிறான். ஏழு மாதத்தில் அவன் பார்த்த ஒரே வேலை.

மேலாளரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "நாலு தடவையா குத்தினாங்க? ஊசி பிடிக்கத் தெரியாத ஆளையா அனுப்புறாங்க? அந்தம்மா பேரக் குடு, நான் லேபுக்கு எழுதறேன்."

தம்பியின் குரல் இதில் கேட்காது; உதடுகள் அக்காவின் பெயரைச் சொல்லி அசைந்தன.

"ம்ம், குறிச்சுக்கிட்டேன்" என்றார் மேலாளர்.

அக்கா பட்டையை அவிழ்த்தாள். ஊசியைப் பிரிக்காமலே பெட்டியை மூடினாள். லேப் கொடுத்த போனில் மூன்று கட்டங்கள்: எடுத்தாயிற்று, மறுத்தார், ஆள் இல்லை. மூன்றாவதைத் தொட்டாள். அத்தாட்சிக்குப் படம் கேட்டது. காலி நாற்காலி, அதன் எதிரே லேப்டாப், அதற்குள் பஞ்சும் கையுமாகத் தம்பி, எல்லாம் ஒரே படத்தில் விழுந்தன. நேரமும் விலாசமும் தானாகவே சேர்ந்துகொண்டன. லேபுக்குப் போகும் தகவல் அந்த நொடியே கம்பெனிக்கும் போகும்.

"என்னடி பண்ணின?"

"என் வேலைய."

ஸ்பீக்கரில் மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. "ஒரு நிமிஷம்ப்பா. உன் பேர்ல ஒரு படம் வந்திருக்கு."

திரை சட்டென்று இருண்டது. சாவி பச்சையாக மின்னத் தொடங்கியது. அம்மா பாய்ந்து போய்த் தொட்டாள். மின்னுவது நின்றது. திரை விழிக்கவில்லை. மறுபடி தொட்டாள்.

அக்காவின் சொந்தப் போன் அடித்தது.

"அக்கா, வெளியே தள்ளிட்டாங்க. லேப்டாப்ப என்ன பண்ணின?"

"டியூட்டில இருக்கேன் சார்" என்றாள் அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆள் இல்லன்னா இன்னொரு தடவ வருவோம். அப்பவாவது வீட்ல இருங்க."